முதலில் அவர் சொன்னதைச் சொல்லுங்கோ

கிடுகு வேலி, அதாவது பின்னிய தென்னோலை வேலி, அடைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வளவுக்குள்ளே நிற்பார், மற்றவர் வெளியே. உள்ளே நிற்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்துக் கிடுகுக்கு ஊடாகக் குத்திவிட, வெளியே நிற்பவர் அந்தக் கயிற்றைக் கழற்றி, தடியைச் சுற்றி, மீண்டும் ஊசியில் கோத்துவிடுவார். நடுவில் ஓலை. முகம் தெரியாது, குரல் மட்டும்தான். "எடுத்தாச்சோ?" "ஓம், இழு." சின்ன வயதில் ஒவ்வொரு வருடமும் அப்பா இந்தப் பக்கமும் பெரியப்பா அந்தப் பக்கமும் நின்று எங்கள் வேலியை அடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

2002இல் போர் ஓய்ந்து, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்து சீமெந்து தாராளமாக வரத் தொடங்கியதும் ஊரில் வேலிகள் ஒவ்வொன்றாக மதிலாயின. எங்கள் வேலி 2003இல் போனது. கதியால், அதாவது கம்புகள், நட்ட வேலி அரை அடி அங்கே இங்கே சாய்ந்தாலும் அடுத்த வருடம் அடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். மதிலுக்கு அத்திவாரம் வெட்டினால் அதுதான் எல்லை. நூல் பிடித்த அன்று தொடங்கிய வாக்குவாதத்தோடு இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு நின்றது. பன்னிரண்டு வருடம் நின்றது.

2012இலிருந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி ஊர்களில், சனசமூக நிலையங்களிலும் மாதர் சங்கக் கட்டடங்களிலும், பிணக்குகளைக் கதைத்துத் தீர்ப்பது பற்றிய செயலமர்வுகளை நடத்தி வருகிறேன். கூட இருவர்: ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர், தோட்டம் செய்கிற ஒரு தம்பி. அதாவது, சொந்தப் பெரியப்பா வீட்டோடு கதையாமல் இருந்துகொண்டே மூன்று வருடம் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால், நாங்கள் விழுந்த இடங்கள் உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதல் செயலமர்வில் பிறிஸ்டல் போட்டில் பெரிய எழுத்தில் "சமாதானம்" என்று எழுதி ஒட்டியிருந்தோம். முன்வரிசையில் இருந்த ஒரு ஐயா எழும்பி, "பிள்ளை, அந்தச் சொல்லைக் கழட்டுங்கோ. அது வந்தாப் பிறகு என்ன வரும் எண்டு எங்களுக்குத் தெரியும்" என்றார். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. 1990 ஆனி, 1995 சித்திரை, 2006 ஆடி ஆவணி என்று அவருடைய வயதுக்காரர்கள் ஒவ்வொரு சமாதானப் பேச்சுவார்த்தைக்குப் பிறகும் போர் திரும்பி வர, பங்கருக்குள் இறங்கியவர்கள். அன்றே கழற்றினோம். அதன்பிறகு எங்கள் அறிவித்தலில் "வேலி, கிணறு, வழி: கதைத்துத் தீர்ப்பது எப்படி?" என்றுதான் போடுகிறோம். வருகிறவர்களின் தொகையும் கூடியது. ஆட்கள் வருவது தங்கள் வளவுக்குள் இருக்கிற கரைச்சலுக்காக. அந்தக் கரைச்சலின் பெயரையே வைத்துக் கூப்பிடுங்கள்.

தொடக்கத்தில் ஒரு பயிற்சி செய்வோம். எல்லையில் நிற்கும் ஒரு பனை, இரண்டு பக்கத்தாருக்கும் வேண்டும். இருவரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு கொடுப்போம். ஒருவருடைய துண்டில் "வேலி அடைக்க ஓலை வேண்டும்" என்று இருக்கும். மற்றவருடையதில் "பனாட்டுக்குப் பழமும், கிழங்குக்குப் பாத்தி போடக் கொட்டையும் வேண்டும்" என்று இருக்கும். துண்டை மற்றவருக்குக் காட்டக் கூடாது. இருபது நிமிடம் மரம் யாருடையது என்றே சண்டை பிடிப்பார்கள். காணி உறுதியை எடு, விதானையைக் கூப்பிடு, பாட்டன் நட்டது, பாட்டனுக்குப் பாட்டன் நட்டது. "உங்களுக்கு இது என்னத்துக்கு?" என்று ஒருவர் கேட்ட அடுத்த நிமிடம் பிணக்கு முடிந்துவிடும். வெளிநாட்டு வளவாளர்கள் இதையே ஒரு தோடம்பழத்தை வைத்துச் செய்வார்கள். பனை என்றதும் எங்கள் ஆட்களுக்குக் கோபம் உண்மையாகவே வருகிறது, அதனால் பாடமும் ஆழமாக இறங்குகிறது.

ஆனால் இதோடு நிறுத்திவிடக் கூடாது. ஓலை ஒருவருக்கு, பழம் ஒருவருக்கு என்று இவ்வளவு வடிவாகப் பிரிகிற பிணக்கு வாழ்க்கையில் அபூர்வம். பெரும்பாலும் இருவருக்கும் ஒரே ஓலைதான் வேண்டும். இல்லாவிட்டால் ஓலையும் வேண்டாம் பழமும் வேண்டாம், தன்னை ஒரு ஆளாக மதித்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் மனதில் கிடக்கும். இந்தப் பயிற்சியை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் முதல் உண்மையான சண்டையிலேயே, "இதெல்லாம் சும்மா கதை" என்று கைவிட்டுவிடுவார்கள்.

எங்கள் செயலமர்வின் உயிர் அடுத்த பயிற்சியில்தான் இருக்கிறது. திருப்பிச் சொல்லுதல். ஒருவர் இரண்டு நிமிடம் தன் பக்கத்தைச் சொல்வார். மற்றவர் பதில் சொல்லக் கூடாது. கேட்டதை, சொன்னவருக்குத் திருப்தியாகும் வரை, திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஓம், அதைத்தான் சொன்னனான்" என்ற பிறகுதான் மற்றவருடைய முறை. கேட்க லேசாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும், எங்களுக்கு எவ்வளவு கடினம் என்று.

செயலமர்வு முடிந்து நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பின்னேரம் அண்ணன் தம்பி இருவர் எங்களிடம் வந்தார்கள். தகப்பன் விட்ட தோட்டக்காணி, எட்டுப் பரப்பு, இருவருக்கும் நாலு நாலு. கிணறு ஒன்று. உறுதியில் "கிணற்றில் அரைப்பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இறைக்கும் முறையும் தகப்பன் காலத்திலிருந்தே இருக்கிறது. தம்பி புதிதாக மோட்டர் பூட்டினார், அதிலிருந்து பிரச்சினை. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் கீழே இறங்கிக் கல்லுக்குள் தேங்கிக் கிடப்பதுதான் கிணற்றுக்கு வருகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு ஊற நேரமெடுக்கும், சில இடங்களில் உவரும் ஏறும். ஆகவே நாங்கள் மூவரும் இதைத் தண்ணீர்க் கணக்குப் பிணக்கு என்றே நினைத்தோம்.

அண்ணன் இரண்டு நிமிடம் கதைத்தார். தம்பியிடம், "முதலில் அவர் சொன்னதைச் சொல்லுங்கோ" என்றோம்.

"மோட்டர் எண்டதும் அண்ணைக்குப் பொறாமை."

"இல்லை" என்றார் அண்ணன்.

"சரி, அண்ணைக்குத் தண்ணி காணாதாம்."

"அதுமில்லை."

"நான் கேட்காமல் பூட்டிப் போட்டன் எண்டு அண்ணைக்குக் கோவம். ஆனால் நான் என்ர காசிலதானே..."

அந்த "ஆனால்" வந்த இடத்தில் நிறுத்தினோம். "ஆனால்" என்றால் பதில் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திருப்பிச் சொல்லும்போது "ஆனால்" கிடையாது, இது எங்கள் ஒரே கண்டிப்பான விதி. தம்பி கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐயா செத்தாப் பிறகு அண்ணைதான் எனக்கு ஐயா மாதிரி. கிணத்தில கை வைக்கேக்க நான் அண்ணையிட்ட ஒரு சொல்லுக் கேட்கேல்ல."

"ஓம்" என்றார் அண்ணன். "அதைத்தான் சொன்னனான்."

அதற்குப் பிறகுதான் தண்ணீர்க் கணக்குக்கு வர முடிந்தது. அது கால்மணி நேர வேலை. யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தப் படி தெரிந்தால் மோட்டரை நிற்பாட்டுவது, வருடத்துக்கு ஒருமுறை கிணறு இறைத்துத் துப்பரவாக்கும் கூலியை யார் கொடுப்பது. ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தார்கள். "விட்டுக்கொடுத்து நடப்போம்", "ஒற்றுமையாக இருப்போம்" போன்ற வசனங்களை எழுத நாங்கள் விடுவதில்லை. அவற்றை மீறியதா இல்லையா என்பதற்கே பிறகு ஒரு சண்டை வரும். "திங்கள் காலை ஐந்து மணி" என்று எழுதினால் மணிக்கூடு சாட்சி சொல்லும்.

திருப்பிச் சொல்வதைப் பழக்கும்போது மூன்று இடங்களில் வழுக்கும். நக்கலான குரலில் சொல்வது ஒன்று. சொற்கள் சரியாக இருந்தாலும் அது புண்ணைக் கிளறிவிடும். சொன்னதை விட்டுவிட்டு, சொன்னவருடைய குணத்தைச் சொல்வது இன்னொன்று, அந்தத் தம்பி "பொறாமை" என்றது போல. மூன்றாவது, நடத்துகிற நாங்கள் அவசரப்படுவது. மௌனம் வந்தால் நிரப்ப ஓடாதீர்கள். அந்த மௌனத்தில்தான் ஆள் யோசிக்கிறார்.

மார்ஷல் ரோசன்பேர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் வன்முறையற்ற தொடர்பாடல் என்று ஒரு முறையை வகுத்தார். கண்டது, மனதில் பட்டது, தேவை, கேட்பது என நாலு படி. நாங்கள் அதிலிருந்தும் எடுக்கிறோம். "நீங்கள் எப்ப பார்த்தாலும் எங்கட படலையடியில குப்பை கொட்டுறனீங்கள்" என்பதை "போன செவ்வாயும் வெள்ளியும் எங்கட படலையடியில பொலித்தீன் பை கிடந்தது" என்று மாற்றப் பழக்குவது முதற்படி. "எப்ப பார்த்தாலும்" போனாலே பாதிச் சூடு தணிந்துவிடும்.

இரண்டாவது படியில் நாங்கள் தடுமாறினோம். உணர்ச்சிகளின் பட்டியல் ஒன்றை எங்கிருந்தோ மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். விரக்தி, பதற்றம், ஏமாற்றம் என்று போனது. யாரும் அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட எடுக்கவில்லை. பிறகு ரீச்சர்தான் தாளை மடித்து வைத்துவிட்டு, "அப்ப உங்களுக்குள்ள என்ன செய்தது, உங்கட சொல்லில சொல்லுங்கோ" என்று கேட்டார். அந்தரமாய் இருந்தது, வெப்பிசாரமாய் இருந்தது, விசராய் இருந்தது, ஏங்கிப்போனன் என்று சொற்கள் வந்து விழுந்தன. "வெப்பிசாரம்" என்று, உள்ளுக்குள் வெந்த மனவேதனையை, ஒரு அம்மா சொன்னதும் எதிரே இருந்தவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். உங்கள் ஊரின் சொற்களை ஊர்ச்சனத்திடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரிய தவறையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம், செயலமர்வுக்குள்ளேயே உண்மையான ஒரு பிணக்கை எடுத்தோம். அக்கா தங்கை, தாயின் சீதன வீடு. யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையில் முதிசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று சொத்து பிரிகிறது. எது எந்த வகை, யாருக்குப் போகும் என்பதிலேயே பாதிக் குடும்பச் சண்டைகள் தொடங்கும். இருபது பேர் பார்த்திருக்க அந்த இருவரையும் கதைக்க வைத்தோம். கண்ணீரெல்லாம் வந்தது. நானே எழும்பி இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு கிழமைக்குள் அது முன்பை விட மோசமாகியது. அங்கே சொன்ன கதைகள் ஊர் முழுக்கப் பரவின. அதைவிட முக்கியம், வீட்டுக்கு மூன்றாவது பங்காளி ஒருவர் கனடாவில் இருந்தார். அவருடைய அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம், வேறொருவர் கையில் இருந்தது. இங்கே நாங்கள் சேர்த்துவைத்த கையை அங்கிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு பிரித்துவிட்டது. அந்த அக்கா அதற்குப் பிறகு எங்களோடு கதைக்கவில்லை. அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. அவருடைய துயரத்தை நாங்கள் ஒரு பாடமாக மற்றவர்களுக்குக் காட்டினோம்.

அதிலிருந்து செயலமர்வு பழகுவதற்கு மட்டும்தான். பழகுவதற்கும் வேறு ஊர்க் கதை மாதிரி மாற்றியமைத்த பிணக்குகளையே எடுப்போம். "இங்க கதைக்கிறது இங்கயே இருக்கும்" என்று நகரத்தில் சொல்லலாம். எல்லோரும் எல்லோருக்கும் ஒருவகையில் சொந்தமான ஊரில் அந்த வாக்குறுதியை யாராலும் காப்பாற்ற முடியாது, ஆகவே கொடுக்கவே கூடாது. உண்மையான பிணக்கென்றால் முதலில் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் தனித்தனியாகப் போய்ப் பார்ப்போம். "இதில முடிவெடுக்க வேற ஆர் இருக்கினம்?" என்ற கேள்வியைக் கட்டாயம் கேட்போம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒருவர் இருந்தால், அவர்களுடைய நேரத்துக்கு வட்ஸ்அப்பில் எடுத்து அவரையும் திருப்பிச் சொல்ல வைப்போம். இரவு பத்து மணிக்கு இருந்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் கதைத்துத் தீர்க்கப் போகவும் கூடாது. மனைவியை அடிக்கிறவரையும் அடிபட்டவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திக் கதைக்கச் சொல்வது அந்தப் பெண்ணை இன்னும் ஆபத்தில் தள்ளுவது. அங்கே பாதுகாப்புத்தான் முதல் வேலை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதைச் சொல்லி, கூடப் போய்வருவோம். சாதியைக் காட்டி ஒருவரைக் கிணற்றிலோ கோயிலிலோ ஒதுக்குவதையும் "இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கோ" என்று முடிக்க நாங்கள் தயாரில்லை. ஒதுக்கப்பட்டவர் எதை விட்டுக்கொடுப்பது? பெரியவர்கள் சிலருக்கு இதில் எங்கள் மேல் மனத்தாங்கல் உண்டு. பரவாயில்லை.

எங்களால் முடியாதவை பல மத்தியஸ்த சபைக்குப் போகின்றன, எங்கள் சனம் இணக்கசபை என்று சொல்வது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. மூன்று பேர் கொண்ட குழு இருந்து கேட்கும், தீர்ப்புச் சொல்லாது. இணங்கினால் அதற்குச் சான்றிதழ், இணங்காவிட்டால் அதற்கும் சான்றிதழ் கொடுப்பார்கள், பிறகு நீதிமன்றம் போகலாம். காணிப் பிணக்குகளுக்கென்று தனியான விசேட சபையும் யாழ்ப்பாணத்தில் ஏற்படுத்தப்பட்டது. செயலமர்வில் பழகிய ஆட்கள் அங்கே போகும்போது கதைக்கிற விதமே வேறு.

சில சின்ன விடயங்கள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளிலும் ஆட்கள் வர மாட்டார்கள், வெங்காயம் கிண்டும் நாட்களிலும் வர மாட்டார்கள். ஒரே நாளில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை நடத்தி, சான்றிதழ் கொடுத்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிழமைக்கு ஒரு பின்னேரமாக நாலு பின்னேரம் வையுங்கள். நடுவில் கிடைக்கிற ஆறு நாளில் வீட்டில் செய்து பார்த்துவிட்டு வருவார்கள், அதுதான் படிப்பு. பதினெட்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கதிரைகளை நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சரித்துப் போடுங்கள், பார்க்க விருப்பமில்லாதபோது வேறு பக்கம் பார்க்க இடம் வேண்டும். பிளேன்ரீயைப் பங்குபற்றுகிறவர்களே போடட்டும். கோபக்காரர் இருவர் ஒரே கேத்தலைத் தூக்கும்போது நடக்கிற கதை மண்டபத்தில் நடப்பதை விட நல்லது.

சரி, எங்கள் வீட்டுக் கதை.

பெரியப்பா 2014இல் இறந்தார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்பார்கள். அப்பா படலை வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த வருடம் ஒரு செயலமர்வில் ஒரு பெடிச்சி என்னைக் கேட்டாள்: "அக்கா, நீங்கள் வீட்டில இதைச் செய்து பார்த்தனீங்களோ?" பொய் சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றேன். அன்று பின்னேரமே பெரியப்பாவின் மூத்த மகளைத் தேடிப் போனேன். மதில் பற்றித்தான் கதைக்கப் போகிறோம் என்று நினைத்தேன். அக்கா மதிலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர் சொன்னது 1995 ஐப்பசி (ஒக்ரோபர்) 30ஆம் திகதி இரவைப் பற்றி. போருக்குள் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்து எழும்பிப் போன இரவு. எங்களிடம் லான்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு இயந்திரம், இருந்தது. அப்பா எங்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போனார். அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாச்சி, பெரியப்பா வீட்டில் இருந்தார். "இவையளை விட்டிட்டுத் திரும்பி வாறன்" என்று அப்பா சொல்லிவிட்டுப் போனாராம். வரவில்லை. பெரியப்பா அப்பாச்சியைச் சைக்கிளில் இருத்தி, மழைக்குள் தள்ளிக்கொண்டு, செம்மணி வெளி தாண்டி நாவற்குழிப் பாலம் வரை நடந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில், வந்து பதினோராம் நாள், அப்பாச்சி இறந்தார். நான் திருப்பிச் சொன்னேன். இரண்டு தரம் பிழைத்து மூன்றாம் தரம்தான் அக்கா ஓம் என்றார்.

அப்பாவிடம் கேட்டபோது நெடுநேரம் பேசவில்லை. பிறகு, எங்களை இறக்கிவிட்டு லான்ட்மாஸ்டரைத் திருப்பியதையும், எதிரே வந்த சனத்துக்குள் ஒரு அடி நகர முடியாமல் விடியும் வரை பாலத்தடியில் நின்றதையும் சொன்னார். இருபது வருடம் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்குக்கூட.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் விறாந்தைக்கு வந்தார். கதிரையைச் சரித்துப் போட்டேன். முதலில் அக்கா கதைத்தார். அப்பா திருப்பிச் சொல்ல வேண்டும். அவருக்கு எழுபத்தாறு வயது, இந்த விதியெல்லாம் தெரியாது, நான் ஒருமுறைதான் சொல்லிக் கொடுத்தேன்.

"நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனனான்" என்று தொடங்கினார். "அண்ணை பாத்துக்கொண்டு இருந்தவர். நான் வரேல்ல. அம்மாவை அண்ணை தனியத் தள்ளிக்கொண்டு..."

அதற்கு மேல் குரல் வரவில்லை. நாங்கள் நிரப்பவில்லை.

"ஓம் குஞ்சியப்பா" என்றார் அக்கா. "அதைத்தான் சொன்னனான்."